பெரிய நாளும் சின்னப் பிள்ளைகளும்

வங்காளிகள் கிறிஸ்துமஸ் பண்டிகையைப் 'பொரோ தின்' என்பார்கள். பெரிய நாள் என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி இந்த ஊருக்கு வரும் குடும்பங்களுக்கு முதல் டிசம்பரில் இந்தச் சொல் சட்டென்று விளங்காது. நம் ஊரில் டிசம்பர் என்றால் மார்கழிக் கோலம், அரையாண்டுப் பரீட்சை, அதன் பிறகு வரும் சின்ன விடுமுறை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து ஆண்டு ஜூனில் பிறந்து ஏப்ரலில் முடியும். இங்கேயோ டிசம்பர் பிறந்ததும் ஊரே கணக்கு முடிக்கிற அவசரத்தில் இருக்கும். கடைகளில் ஈச்ச வெல்லம் வந்து இறங்கும். கொஞ்சம் குளிர்ந்த மாத்திரத்தில் பெரியவர்கள் மங்கி கேப்பை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். நியூ மார்க்கெட்டில் 1902-இல் பாக்தாத் யூதர் ஒருவர் தொடங்கிய நாஹூம் பேக்கரியின் முன்னால் வரிசை நீளும். யூதர் தொடங்கிய கடையில் இந்துக்கள் வரிசையில் நின்று கிறிஸ்தவர் பண்டிகைக்குக் கேக் வாங்குகிற ஊர் இது.

இது பார்க் ஸ்ட்ரீட் விளக்குகளோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல. பேலூர் மடத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 24 மாலை ஏசுநாதரின் படத்தை வைத்து ஆராதனை செய்கிறார்கள். 1886-ஆம் ஆண்டு அதே நாள் இரவில் ஆண்ட்பூர் கிராமத்தில் விவேகானந்தரும் அவருடைய சகோதரச் சீடர்களும் துறவுக்கு உறுதி எடுத்துக்கொண்டதன் நினைவு அது. சாந்திநிகேதனில் தாகூர் 1910-இல் கிறிஸ்து விழாவைத் தொடங்கி வைத்தார். ஆக, நம் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளில் நடக்கும் ஆண்டு முடிவு விழா, மதிலுக்குள்ளே மட்டும் நடக்கும் ஒன்றல்ல. ஊரோடு ஒத்து நடப்பது.

நம் சங்கக் குடும்பங்களில் கணிசமானவை பிள்ளைகளைக் 'கான்வெண்ட்' பள்ளிகளில் சேர்த்தவை. சேர்ப்பதற்குப் பட்ட பாட்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆங்கிலம், ஒழுக்கம், சம்பள உயர்வு எல்லாமும் பேசியாகிவிட்டது. ஆனால் அந்தப் பள்ளிகளின் டிசம்பரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. என் இரண்டு பிள்ளைகளையும் அப்படி ஒரு பள்ளியின் தொடக்க வகுப்புகளில் படிக்க வைத்தவள் என்ற முறையிலும், இப்போது பேத்தியின் விழாவுக்குப் போய் உட்காருகிறவள் என்ற முறையிலும், எனக்குத் தோன்றியவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டிசம்பரில் வந்து சேர்ந்த பன்னிருவர்

கல்கத்தாவின் கத்தோலிக்கப் பெண் பள்ளிகளின் கதை ஓர் ஆண்டின் கடைசி நாட்களில்தான் தொடங்குகிறது. அயர்லாந்தின் ராத்பார்ன்ஹாம் மடத்திலிருந்து புறப்பட்ட 12 பெண்கள், ஏறக்குறைய நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு, 1841 டிசம்பர் 30 அன்று இங்கே கரையிறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவியாக வந்தவர் மதர் டெல்ஃபின் ஹார்ட். இந்தியாவுக்கு வந்த முதல் லொரேட்டோ கன்னியர் இவர்கள்தாம். வந்து இறங்கிய களைப்புத் தீர்வதற்குள், 1842 ஜனவரி 10-இல், மிடில்டன் ரோவில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிவிட்டார்கள். இன்றைய லொரேட்டோ ஹவுஸ் அதுதான். சேசு சபையாரின் புனித சேவியர் பள்ளி அதற்குப் பிறகு, 1860-இல் வந்தது.

இந்தப் பள்ளிகளில் அந்நாளில் ஆண்டுக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. உயர் வகுப்புக் கேம்பிரிட்ஜ் பரீட்சையும் ஆண்டின் கடைசியில்தான் நடந்தது. பரீட்சை, ரிசல்ட், பரிசளிப்பு, கிறிஸ்து பிறப்பு நாடகம், விடுமுறை என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும். பின்னாளில் பல பள்ளிகள் தங்கள் ஆண்டை மார்ச், ஏப்ரலுக்கு மாற்றிக்கொண்டன. மேற்கு வங்க அரசின் பாடத்திட்டப் பள்ளிகளில் இன்றும் ஜனவரியில்தான் புது வகுப்பு. ஆனால் கணக்கு எங்கே மாறினாலும் கொண்டாட்டம் டிசம்பரை விட்டு நகரவில்லை.

இந்த ஆண்டுக் கணக்கு நம்மவர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ரயில்வே, பாங்க், ஏ.ஜி. ஆபீஸ் என்று மாற்றல் உத்தரவுகள் மே மாதத்தில் வரும். பிள்ளை அங்கே மூன்றாம் வகுப்பை முடித்துவிட்டு வந்திருப்பான். இங்கே நான்காம் வகுப்பு பாதி ஓடியிருக்கும். இரண்டாம் மொழியாக இந்தியா, வங்காளியா என்ற கேள்வி வேறு. அப்படி நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு வகுப்பில் நண்பர்கள் கிடைப்பது பெரும்பாலும் டிசம்பரில்தான். ஏனென்றால் பாடம் தெரியாவிட்டாலும் நாடகத்தில் ஆடாக நிற்கலாம்! ஆடு வேஷம் போட்டவனிடம் யாரும் வங்காளி இலக்கணம் கேட்பதில்லை.

கறுப்பு ராஜாவும் வெள்ளைத் தேவதையும்

பள்ளிக்கூடத்துக் கிறிஸ்து பிறப்பு நாடகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடுகள், தேவதைகள், கீழ்த்திசையிலிருந்து பரிசு கொண்டுவரும் மூன்று ராஜாக்கள். இந்த மூன்று ராஜாக்களைப் பற்றி மத்தேயு எழுதிய நற்செய்தியில் மூன்று என்ற எண்ணிக்கையே இல்லை. ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, பெயர்களும் இல்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் என்று மட்டும் இருக்கிறது. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று பரிசு மூன்றாக இருந்ததால் ஆட்களும் மூன்றானார்கள். அவர்களில் ஒருவரைக் கறுப்பாகத் தீட்டியவர்கள் இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள்.

அந்த ஓவியர்களின் கற்பனை எங்கள் வீட்டில் வந்து விடிந்தது. என் மகன் மூன்று டிசம்பர்கள் தொடர்ந்து கறுப்பு ராஜா. வகுப்பில் இருந்த இன்னொரு தமிழ்ப் பையன் காய்ச்சலில் படுத்த ஆண்டு, ஆசிரியை வேறு வகுப்பில் போய் மலையாளப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இதில் வருத்தம் ஏதுமில்லை. ஜரிகைத் தலைப்பாகையும் வாளும் கிடைக்கிற வேஷம் அது. பெண் குழந்தைகளின் பாடுதான் வேறு. தேவதைகள் என்றால் சிவந்த நிறத்துப் பிள்ளைகள். நம் பிள்ளைகள் இடைச்சிகள், அல்லது பின்வரிசைப் பாட்டு. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அப்படியே அமைந்துவிடும்.

ஓர் ஆண்டு என் சின்ன மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, தேவதையெல்லாம் பால் மட்டும்தான் குடிக்குமா?" என்று கேட்டாள். எதற்கென்று கேட்டேன். "நான் இனிமே காப்பி குடிக்கலை" என்றாள். ஏழு வயது. அவளாக ஒரு காரணம் கண்டுபிடித்து அதற்கு மருந்தும் தேடிக்கொண்டுவிட்டாள்.

இதற்கெல்லாம் போய்ப் பேசுவார்களா என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் எங்கள் தெருவிலேயே இருந்த இன்னொரு தாய், ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி, பேசினார். வகுப்பு ஆசிரியையிடம் சண்டை போடவில்லை. "தேவதைகள் இந்த நிறம் என்று வேதத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது டீச்சர்? என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று கேட்டார். ஆசிரியை நல்லவர்தாம். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அவரும் அதுவரை இதை யோசித்ததில்லை என்றே தோன்றியது. அடுத்த டிசம்பரில் வேஷங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கு ஆடு விழுந்தது. என் மகளுக்கு மாட்டுக் கொட்டில்காரர் விழுந்தது. இரண்டு பேரும் சந்தோஷமாகவே செய்தார்கள். சீட்டில் வருவதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். பார்த்துப் பார்த்து ஒதுக்குவதைத்தான் தாங்கமாட்டார்கள்.

கொலுப் பெட்டியிலிருந்து ஒரு குடில்

விழாவுக்கு முந்திய வாரம் ஒவ்வொரு வகுப்பிலும் குடில் கட்டுவார்கள். முதன்முதலில் இப்படி ஒரு குடில் அமைத்தவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சோ என்ற மலையூரில் வைக்கோல், மாடு, கழுதை சகிதம் அமைத்தார் என்பது வரலாறு. படிக்கத் தெரியாத ஏழை ஜனங்களுக்குக் கண்ணால் காட்டிச் சொல்வதற்கு அதைவிட நல்ல வழி எது?

கண்ணால் காட்டிச் சொல்லும் வழி நமக்குப் புதியதா என்ன! நவராத்திரி கொலு நம் பிள்ளைகளின் ரத்தத்தில் இருக்கிறது. 'உங்கள் வீட்டில் பொம்மை ஏதாவது இருக்கிறதா' என்று ஆசிரியை கேட்டதுதான் தாமதம், அக்டோபரில் கட்டிப் பரண்மேல் ஏற்றிய கொலுப் பெட்டிகள் கீழே இறங்கின. மாடுகள் போயின, கன்றுகள் போயின, மண் குடிசை போனது. ஒரு வீட்டிலிருந்து செட்டியார் பொம்மையும் மளிகைக் கடையோடு போய்விட்டது. பெத்லகேம் ஊருக்கு ஒரு மளிகைக் கடை வேண்டாமா என்று அந்தப் பையன் கேட்டானாம். அந்த ஆண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் அரிசி, பருப்பு மூட்டைகளோடு செட்டியாரும் செட்டிச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க வந்த ஒரு வயதான ஸிஸ்டர், "குழந்தை பிறந்த வீட்டுக்குச் சாமான் வேண்டும்தானே" என்று வங்காளியில் சொல்லிவிட்டுப் போனார்.

நம் மதத்தை மாற்றிவிடுவார்களோ என்று ஊரிலிருந்து கடிதம் எழுதிய பாட்டிமார் உண்டு. என் அனுபவத்தைச் சொல்கிறேன். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு தனியாக நடக்கும். என் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டும் பாடினார்கள், மார்கழியில் திருப்பாவையும் சொன்னார்கள். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை. பிள்ளை மனசில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

எட்டு முழ வேட்டியில் தேவதைகள்

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்த ஒருவர் குடும்பம் எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் குடியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் மகள் என் சின்னவளோடு படித்தாள். பள்ளியில் அவளுக்குச் சம்பளம் இல்லை. சீட்டுக் குலுக்கின அதே டிசம்பரில் அந்தப் பிள்ளைக்குத் தேவதை வேஷம் விழுந்தது. தாய்க்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஒரு தாள் வந்தது. வெள்ளைச் சாட்டின் கவுன், ஜிகினா வைத்த இறக்கை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, தலைக்கு வெள்ளிக் கம்பி வளையம். எல்லாவற்றையும் பள்ளி சொன்ன தையற்காரரிடமே வாங்க வேண்டும்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு அந்தத் தாய் என்னிடம் வந்தாள். "அக்கா, அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்னு சொல்லிறப் போறேன். ஒங்க மகளை டீச்சர் கேட்டா அப்படியே சொல்லச் சொல்லுங்க. அவுக மாசச் சம்பளத்துல பாதி அக்கா அந்த உடுப்பு." நான் பணம் தருகிறேன் என்றேன். "ஒரு வருசம் நீங்க தருவீக. வருசா வருசம் வருமில்ல" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சந்து வாசலில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டு இருமிப் பழகிக்கொண்டிருந்தது. விழா நாளில் தனக்கு வரப்போகிற காய்ச்சலுக்கு ஒத்திகை!

அன்று சாயங்காலமே அவளையும் அழைத்துக்கொண்டு தலைமை ஸிஸ்டரைப் பார்க்கப் போனேன். அவளுக்குத் தமிழ் மட்டும். எனக்கு ஆங்கிலமும் அரைகுறை வங்காளியும். ஸிஸ்டர் முழுவதும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரப்போகிறது?" எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை வகுப்பு வகுப்பாக வேறு ஒரு தாள் போயிற்று. யாரும் புது உடுப்பு வாங்கக்கூடாது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் இருக்கும் ஒரு வெள்ளைப் போர்வை, அல்லது வெள்ளைத் துணி போதும். இறக்கையை அட்டையில் வகுப்பிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

அந்த ஆண்டு தேவதைகளைப் பார்த்திருக்க வேண்டும். வங்காளிப் பிள்ளைகள் படுக்கை விரிப்பில் வந்தார்கள். ஒருத்தியின் தோளில் சலவைக்காரர் மையால் போட்ட குறி அப்படியே தெரிந்தது. நம் பிள்ளைகள் அப்பாவின் எட்டு முழ வேட்டியில் வந்தார்கள். சமையற்காரர் மகளும் அப்படித்தான். துவைத்து, கஞ்சி போட்டு, நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போட்ட வேட்டி. மேடையில் யார் வீட்டில் கார் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெற்றோர்களில் இரண்டொருவர், விழா 'களை கட்டவில்லை' என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் களை கட்டிய விழா நினைவில்லை.

மோத்திஜீலில் ஒரு டிசம்பர்

இந்த ஊரிலேயே இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1929 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்த இளம் லொரேட்டோ கன்னிகை ஒருவர், எண்டாலியில் உள்ள செயிண்ட் மேரீஸ் பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, பின் தலைமையாசிரியையும் ஆனார். அந்தப் பள்ளி வளாகத்து மதிலுக்கு அந்தப்புறம் மோத்திஜீல் என்ற சேரி. பெயருக்கு முத்து ஏரி என்று பொருள். இருந்தது அழுக்குக் குட்டை. 1948 ஆகஸ்டில் அவர் அந்த மதிலை விட்டு வெளியே வந்தார். பாட்னாவில் சிறிது காலம் மருத்துவப் பணி கற்றுக்கொண்டு திரும்பி, அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று சேரிக்குள் இறங்கி வேலையைத் தொடங்கினார். மற்றப் பள்ளிகள் மணியடித்து விடுமுறைக்குக் கதவைச் சாத்துகிற அதே வாரம்.

கட்டடம் இல்லை, பலகை இல்லை, பெஞ்சு இல்லை. வெட்டவெளியில் குச்சியால் தரையில் வங்காளி எழுத்துக்களை எழுதிக் காட்டினார். குளித்துச் சுத்தமாக வருகிற பிள்ளைகளுக்குச் சோப்புக்கட்டி பரிசு. இந்த ஊரின் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் மிகவும் சிறியது அது. பரிசளிப்பும் மிகவும் மலிவானது. அந்த ஆசிரியையை உலகம் பின்னால் அன்னை தெரேசா என்று அறிந்தது. 1979-இல் நோபல் பரிசு வந்தது. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. நாம் அவரை நோயாளிகளோடும் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களோடும் சேர்த்தே நினைக்கிறோம். அவர் சுமார் 17 ஆண்டுகள் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்பதையும், வெளியே வந்து செய்த முதல் வேலைகளில் ஒன்று பள்ளிக்கூடம் வைத்ததுதான் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

சியால்தாவின் மாடியில்

அன்னை நோபல் பரிசு வாங்கிய அதே 1979-இல், சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள லொரேட்டோ டே ஸ்கூலுக்குத் தலைமைப் பொறுப்பேற்றவர் ஸிஸ்டர் சிரில் மூனி. அயர்லாந்துக்காரர், 1956-இல் இந்தியாவுக்கு வந்தவர். 1857-இல் தொடங்கிய பழைய பள்ளி அது. அவர் வந்தபோது இருந்த சுமார் 790 மாணவிகளில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 90 பேர். 1990-களின் முடிவில் சுமார் 1400 மாணவிகள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் சம்பளம் கட்டாதவர்கள். சம்பளம் கட்டுகிறவர் யார், கட்டாதவர் யார் என்று வகுப்பில் பிரித்துப் பார்ப்பதற்கு இடமில்லை. ஒரே பெஞ்சு, ஒரே சீருடை.

அதோடு விடவில்லை. 1985-இல் 'ரெயின்போ' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் திரியும் பெண் குழந்தைகள் எந்த நேரத்திலும் பள்ளியின் மொட்டை மாடிக்கு வரலாம். அங்கே அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் ஆசிரியர்கள் மட்டுமல்லர், அதே பள்ளியின் மாணவிகளும்தாம். ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அது கால அட்டவணையிலேயே ஒரு பாடம். ஒரு பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்று உட்கார்ந்து எழுத்துக் கற்பிப்பார்கள். வாரம் ஒரு நாள், வியாழக்கிழமைகளில், ஒரு பகுதி மாணவிகள் நகருக்கு வெளியே கிராமப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். 1994-இல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசு அந்தப் பள்ளிக்குக் கிடைத்தது. 2007-இல் நம் அரசு ஸிஸ்டர் சிரிலுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2011 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2023 ஜூனில் இந்த ஊரிலேயே காலமானார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிசம்பர் வந்தால் தானம் செய்வது எல்லாப் பள்ளிகளிலும் வழக்கம்தான். பழைய துணி, பிஸ்கட் பொட்டலம், பொம்மை எல்லாம் சேகரித்து அனாதை இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். அது தவறல்ல. ஆனால் அதில் கொடுக்கிற பிள்ளை ஒரு பக்கம், வாங்குகிற பிள்ளை ஒரு பக்கம். சியால்தாவில் நடந்தது வேறு. இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஒன்று சொல்லிக்கொடுத்தது, மற்றொன்று கற்றுக்கொண்டது. ஏட்டில் இல்லாத சங்கதிகளைக் கற்றுக்கொண்டது எந்தப் பிள்ளை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

நம் மேடையில் யார்?

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தக் கதைகள் எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாமும் இந்த ஊருக்கு நடுவில் வந்து சேர்ந்தவர்கள்தாம். மொழி தெரியாமல், நிறம் வேறாக, சாப்பாடு வேறாக வந்த நம் பிள்ளைகளுக்கு யாரோ ஒரு ஆசிரியை மேடையில் ஓர் ஓரமாவது ஒதுக்கிக் கொடுத்தார். அந்த ஓரத்தில் நின்றுதான் நம் பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆனார்கள்.

அப்படியானால் நம்முடைய மேடை எப்படி இருக்கிறது? டிசம்பர் முடிந்தால் பொங்கல் விழா. கலை நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுப்பதில் ஆண்டுதோறும் அதே இருபது வீடுகள். பரத நாட்டிய உடுப்புக்கும் நகைக்கும் ஆகும் செலவை நாம் எல்லோரும் அறிவோம். மெஸ்ஸில் வேலை செய்பவர்கள், லேக் மார்க்கெட்டில் பூவும் வாழையிலையும் விற்பவர்கள், பங்களாக்களில் காவலும் சமையலும் பார்ப்பவர்கள் வீடுகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் விழாவுக்கு அவர்கள் வருகிறார்கள். பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு விழா நாளன்று காய்ச்சல் வருகிறது என்று நாம் கேட்டதில்லை.

பெரிய திட்டம் எதையும் நான் சொல்ல வரவில்லை. செயற்குழுவின் பார்வைக்கு மூன்று யோசனைகள் மட்டும்.

ஒன்று, வரும் பொங்கல் விழாவில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒன்றையாவது சீட்டுக் குலுக்கி அமைப்போம். அதற்கு உடுப்பு, வீட்டில் இருக்கும் வேட்டியும் பாவாடையும் மட்டும்.

இரண்டு, கல்வியாண்டு முடியும்போது நம் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாமல், அட்டை போட்டு, வகுப்புவாரியாக நம் சங்க நூலகத்தில் சேர்ப்போம். அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளை யாராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளட்டும். கார் வைத்திருப்பவர் பிள்ளையும் எடுக்கட்டும். அப்போதுதான் அது தானமாகத் தெரியாது.

மூன்று, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு. இங்கே பிறந்து வளர்ந்த நம் பெரிய பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் நன்றாக வருகிறது, தமிழ் எழுத்துத் தடுமாறுகிறது. ஊரிலிருந்து புதிதாக வந்த சமையற்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து நன்றாக வருகிறது, ஆங்கிலம் தடுமாறுகிறது. இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் ஆளுக்கு ஒன்று கொடுத்து ஒன்று வாங்கிக்கொள்வார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் தேட வேண்டிய கவலையும் நமக்கு இல்லை.

எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளில் விருப்பம் உள்ளவர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்தில் பெயர் கொடுக்கலாம். ஐந்து பேர் சேர்ந்தாலும் போதும், ஜனவரி முதல் ஞாயிறே தொடங்கிவிடலாம். பாய் நான் கொண்டுவருகிறேன்.